சபையில் பாடல்களைத் தெரிந்தெடுப்பதும் வாலிபப் பிள்ளைகளை ஆராதனை நடத்தப் பழக்குவதும்: ஆலோசனை தேவை

கேள்வி
பதிவிட்டவர்: திருமங்கலத்துச் சகோதரி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருமங்கலத்துக்கு அருகிலுள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில், நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் குழுவின் உறுப்பினராக இருக்கிறேன். இவ்வாண்டு ஆராதனை இசைப் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. எனக்குப் பாட வரும். ஆனால் முறையாகக் கற்றவள் அல்லள். ஆகவே அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் பாடகர் குழுவை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நெடுங்காலமாக நடத்தி வருகிறார். எந்தக் கீர்த்தனைக்கு என்ன ராகம், என்ன தாளம் என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லக்கூடியவர். குழுவில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். மறுபுறம், பாடவும் கீபோர்டும் கிட்டாரும் வாசிக்கவும் தெரிந்த வாலிபப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். பள்ளி மேல்வகுப்பிலும் கல்லூரியிலும் படிப்பவர்கள். புதிதாக வந்த ஆயர் அவர்களை ஊக்கப்படுத்த எண்ணி, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ஆராதனைப் பாடல்களை அவர்களிடமே விட்டுவிட்டார்.

பிள்ளைகள் யூடியூபில் கேட்டுப் பழகிய பாடல்களை, கேட்ட சுருதியிலேயே பாடினார்கள். முதல் பாடலின் பல்லவியைச் சபையாரும் கூடவே பாடினார்கள். சரணத்தில் மெட்டு மேலே ஏறியதும் ஆண்கள் பக்கம் முதலில் அடங்கியது, பிறகு பெண்கள் பக்கமும் அடங்கியது. மூன்றாம் பாடலுக்கு வரும்போது மேடையில் நின்றவர்களின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. மூத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் குற்றச்சாட்டு எழுந்தது, பிள்ளைகளுக்கு இனி மாலை ஆராதனை மட்டும் என்று தீர்மானமாயிற்று. அவர்களில் இருவர் இப்போது ஞாயிறு காலையில் மதுரையில் வேறொரு ஜெபவீட்டுக்குப் போகிறார்கள்.

பாடல்களைத் தெரிந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும், எதைப் பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பது என் முதல் கேள்வி. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையை, நன்றாகப் பாடுகிற பிள்ளை என்ற நிலையிலிருந்து சபையைப் பாட வைக்கிறவர் என்ற நிலைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பது இரண்டாவது. இரண்டாவதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.


மறுமொழி
பதிவிட்டவர்: பசுமலை ஆர்மோனியம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சபையில் இது பழைய பாட்டுக்கும் புதுப் பாட்டுக்கும் நடக்கும் வழக்காக மாறிவிட்டது என்று தெரிகிறது. ஆனால் சரணத்தில் ஆண்கள் பக்கம் அடங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் சுருதி. பாட்டின் வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பயிற்சி பெற்ற பாடகர் ஒருவர் தம் குரலின் உச்சம் துலங்க வேண்டுமென்று ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்துக்கொண்ட சுருதியில், ஞாயிறு காலையில் வந்து உட்கார்ந்திருக்கும் சாதாரணச் சபையார் பாட இயலாது. அதே பாட்டை நான்கு சுரம் இறக்கியிருந்தால் அந்தக் குழுக் கூட்டமே வேறு விதமாக நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சபையார் சிரமமின்றிப் பாடக்கூடிய எல்லை, பெண்களுக்கு, கீபோர்டின் நடு 'சி'க்குக் கீழேயுள்ள 'ஏ'யில் தொடங்கி மேல் ஸ்தாயி 'டி' வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் அவற்றையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். ஆதார சுருதியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டு கட்டை, ஐந்து கட்டை (கீபோர்டின் 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு கட்டை என்று எண்ணும் வழக்கம்) என்று முடிவு செய்துவிடக் கூடாது; மெட்டு எங்கே மிக மேலே போகிறது, எங்கே மிகக் கீழே இறங்குகிறது என்று இரண்டு முனைகளையும் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நடு ஷட்ஜத்திலிருந்து ('ச') மேல் ஷட்ஜம் வரை ஓடும் மெட்டுக்கு ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ போதும். கீழ்ப் பஞ்சமத்துக்கும் ('ப') நடுப் பஞ்சமத்துக்கும் இடையிலேயே நிற்கும் மெட்டை நான்கு, ஐந்து கட்டை வரை உயர்த்தலாம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். ஒரு பாட்டின் உச்சியையும் அடியையும் தேடிப் பிடித்து நோட்டில் எழுதும் பிள்ளை, அதை எழுதும்போதே தன் தொண்டையை மறந்து மற்றவர்களின் தொண்டையை நினைக்கத் தொடங்கிவிடுகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் தரும் முதல் பதில் இதுதான்.

தாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீபோர்டில் இருக்கும் தானியங்கித் தாளத்தைப் போட்டுவிட்டு அதற்குள் எல்லாக் கீர்த்தனைகளையும் அடைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. எட்டு எண்ணிக்கையில் நடக்கும் ஆதி தாளப் பாட்டு அதில் தப்பித்துக்கொள்ளும். ரூபகத்துக்கு மூன்று எண்ணிக்கைத் தாளம் ஒன்றைத் தேடிப் போட்டால் ஒருவாறு பொருந்தும். மிஸ்ர சாபுவில் அமைந்த பாட்டோ மூன்றும் நான்குமாக ஏழில் நடப்பது. அதை நாலு நாலாக வெட்டினால் சொற்கள் தவறான இடத்தில் அழுத்தம் பெற்று, பாட்டே நொண்டுகிறது. அத்தகைய பாட்டுக்கு மின்தாளத்தை நிறுத்திவிட்டுக் கையால் தட்டிப் பாடுங்கள். அல்லது தபேலா வாசிப்பவர் இருந்தால் அவரிடம் விடுங்கள். முறையாகக் கற்க விரும்பும் பிள்ளை இருந்தால், அரசு இசைக் கல்லூரி எங்கள் பசுமலையிலேயே இருக்கிறது. பெற்றோரிடம் பேசிப் பாருங்கள்.

பழைய பாட்டு என்று மூத்தவர்கள் பிடித்துக்கொண்டிருப்பதன் வரலாற்றையும் இரு தரப்பினருக்கும் நினைவுபடுத்தலாம். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் முக்கிய இடம் பெற்றன. மேல்நாட்டு மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாடல்களே ஆலயத்துக்கு உரியவை என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. கீர்த்தனை அன்று புதுமையாக உள்ளே வந்தது. அதைக் கேட்டு இளையவர்கள் உடனே துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். நூற்றெழுபது ஆண்டுகளாகச் சபை பாடிப் பார்த்து நிலைத்தவை மட்டுமே இன்று நம் கையில் இருக்கின்றன, நிலைக்காமல் போனவை யாருக்கும் தெரியாது.

இன்னொன்று: குரல் உடையும் வயதில் இருக்கும் பையன்களைக் 'குரல் போய்விட்டது' என்று குழுவிலிருந்து நீக்கிவிடாதீர்கள். அந்த ஓரிரு ஆண்டுகளில் அவர்களுக்குத் தாளம், சுருதி பார்த்தல், ஒலி அளவைச் சரிசெய்யும் மிக்சர் கருவி முதலிய பொறுப்புகளைக் கொடுத்து வைத்திருந்தால், நல்ல ஆண் குரலோடு திரும்பி வருவார்கள்.


மறுமொழி
பதிவிட்டவர்: மேலூர்ப் பக்கத்து ஆயர்

சகோதரியின் முதல் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பசுமலை ஐயா சுருதியைப் பற்றி எழுதியதை என் சபைக் குழுவுக்கு அச்செடுத்துக் கொடுக்கப் போகிறேன். இருப்பினும், சுருதி சரியாக அமைந்த ஐந்து பாடல்களும் ஒரே பொருளைச் சொன்னால் அதுவும் ஒரு குறைதான்.

நம் ஆராதனை முறைமையில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வேலை உண்டு. தொடக்கப் பாட்டு சபையைக் கூட்டுகிறது. பாவ அறிக்கையை ஒட்டி வருவது தாழ்ந்த நடையில், குறைந்த வாத்தியத்தோடு இருக்க வேண்டும். பிரசங்கத்துக்கு முந்தியது அன்றைய வேதபாடத்தின் பக்கம் மனதைத் திருப்ப வேண்டும். திருவிருந்துப் பாட்டுக்கு மட்டும் ஒரு தனித் தேவை இருக்கிறது. மக்கள் எழுந்து, பீடத்துக்கு முன்னுள்ள தடுப்பான கிராதி அருகே நடந்து வந்து முழங்காலிட்டுத் திரும்புகிறார்கள், கையில் புத்தகம் இராது, திரையும் கண்ணில் படாது. ஆகவே எல்லோருக்கும் மனப்பாடமாயிருக்கும் பாட்டையே அங்கே வைக்க வேண்டும். புதுப் பாட்டை அந்த இடத்தில் வைக்கும் குழு, அந்த இடத்தின் வேலையை அறியாமல் வைக்கிறது. பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஐந்து பாட்டு வேண்டும் என்று மட்டும் சொல்லி விடுகிறோம், அவர்களும் தங்களுக்குப் பிடித்த ஐந்தைக் கொண்டுவருகிறார்கள்.

ஒவ்வொரு ஞாயிறுக்கும் உரிய பொருளும் வேதபாடங்களும் திருச்சபையின் ஆண்டு அட்டவணையில் முன்கூட்டியே கிடைக்கின்றன. நான் செவ்வாய் மாலையில் பாடகர் குழுத் தலைவரையும் வாலிபர் ஐக்கியத்திலிருந்து இருவரையும் அழைத்து, அந்த வாரத்தின் வேதபாடத்தை முதலில் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். அதன் பிறகே பாட்டைப் பற்றிப் பேச்சு. ஒருவர் ஒரு பாட்டைச் சொன்னால், அதன் சொற்களை மெட்டில்லாமல் உரைநடையாக வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மெட்டை எடுத்துவிட்டால் சில பாடல்களில் மிஞ்சுவது மிகக் குறைவு. அதைப் பிள்ளைகளே கண்டுகொண்டு சிரித்துவிட்டுக் கைவிடுகிறார்கள். பழைய பாடல்களிலும் இப்படி வெறும் சொல்லடுக்காக நிற்பவை உண்டு என்பதை மூத்தவர்களும் அந்த மேசையில்தான் ஒப்புக்கொண்டார்கள். கருத்தோடும் பாடுவேன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை இந்த அளவுக்காவது கடைப்பிடிக்கலாம்.

இறுதி முடிவு ஆயரிடம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அந்த மேசையில் இளையவர் உட்காராமல் அது எடுக்கப்படக் கூடாது. தாவீதின் காலத்துப் பாடகர்களைப் பற்றி 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரம் சொல்வதைப் பாருங்கள்: தேர்ச்சி பெற்றவர்கள் இருநூற்றெண்பத்தெட்டுப் பேர், அவர்களுக்குள் சிறியவனும் பெரியவனும் ஆசானும் மாணாக்கனும் ஒரே விதமாகச் சீட்டுப் போட்டு முறை பெற்றார்கள். மாணாக்கனுக்கென்று மாலை ஆராதனை ஒன்றைத் தனியே ஒதுக்கியதாக அங்கே காணவில்லை. (உங்கள் குழுவின் தீர்மானத்தை மாற்ற இந்த வசனம் உதவக்கூடும்.)

இன்றைய பாடல்களின் பெருங்குறையாக நான் காண்பது புலம்பல் இல்லாமையே. சங்கீதப் புத்தகத்தில் எத்தனை சங்கீதங்கள் முறையீடாக இருக்கின்றன! 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை இல்லாமலே முடிகிறது. சபையில் ஓர் அகால மரணம் நேர்ந்த வாரத்தில் வெற்றிப் பாட்டுகளை மட்டுமே அறிந்த குழு என்ன பாடும்? ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து நாட்களில், கீர்த்தனைப் புத்தகத்தில் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய பகுதியைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுங்கள். அந்தத் துக்கத்தின் மொழி வேறு எங்கும் அவர்களுக்குக் கிடைக்காது.


மறுமொழி
பதிவிட்டவர்: நரிமேடு வாலிபன்

ஆயர் ஐயாவுக்கும் பசுமலை ஐயாவுக்கும் வணக்கம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டே எங்கள் சபையில் பாடல் நடத்துகிறேன். மேடையில் நிற்பவன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

எங்களைத் திருத்துவதில் எங்களில் யாருக்கும் வருத்தமில்லை. திருத்தும் இடமும் நேரமும்தான் வருத்தம் தருகின்றன. ஆராதனை முடிந்து படியிறங்கும் முன்பே வாட்சப் குழுவில் முந்நூறு பேர் பார்க்க விமர்சனம் வந்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடிக்கும் பெண் பிள்ளையின் குரல் எப்படி எழும்பும்? எங்கள் சபையில் இப்போது ஒரு மூத்த அக்கா மட்டும் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார். யாருக்கு என்ன குறை இருந்தாலும் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் புதன்கிழமை எங்களுக்குச் சொல்வார். சபையார் எந்த இடத்தில் பாடுவதை நிறுத்தினார்கள் என்பதை அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறித்துவைக்கிறார். 'நன்றாக இல்லை' என்பதைக் காட்டிலும் 'இரண்டாம் சரணத்தில் பின்வரிசை நின்றுவிட்டது' என்பது எங்களுக்கு நூறு மடங்கு பயனுள்ளது.

ஆயர் ஐயாவின் மேசையைப் பற்றி ஒரு சிறு மறுப்பு உண்டு. பெரியவர்கள் நால்வர் நடுவில் பதினேழு வயதுப் பையன் ஒருவனை உட்கார வைத்தால், அவன் 'சரிங்க ஐயா' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டான். குறைந்தது ஒரு பாட்டையாவது முழுக்க அவன் பொறுப்பிலேயே விட வேண்டும். அந்தப் பாட்டை ஏன் தெரிந்தெடுத்தான் என்று கேளுங்கள். தெரிந்தெடுத்த பிறகு தடுக்காதீர்கள், உபதேசத்தில் பிழை இருந்தால் தவிர.

புதுப் பாட்டை நாங்கள் இப்போது ஒரே நாளில் இறக்குவதில்லை. ஆராதனைக்கு முன் சபையார் வந்து சேரும் நேரத்தில் வாத்தியத்தில் மட்டும் வாசிக்கிறோம்; மறுவாரம் காணிக்கை எடுக்கும்போது குழு மட்டும் பாடுகிறது; அதன் பிறகே எல்லோரும் பாடும் பாட்டாக வருகிறது. அதற்குள் பாதிப் பேருக்கு மெட்டு வாயில் ஏறியிருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேசுவதையும் குறைத்துக்கொண்டோம். பேச்சு, பிரசங்கம் செய்பவருக்கு உரியது.


மறுமொழி
பதிவிட்டவர்: உபதேசியார் மகள், உசிலம்பட்டி

நீங்கள் எல்லோரும் கீபோர்டும் திரையும் புத்தகமும் உள்ள சபைகளை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் கிராமச் சபையில் மூத்த பெண்களில் பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது; கேட்டுத்தான் பாடுவார்கள். அவர்களுக்கு ஒருவர் ஓரடி சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லும் பாட்டே பாட்டு. நடவு வயலில் பாடிப் பழகிய தொண்டைக்கு அது இயல்பாக வருகிறது. அறுப்பின் பண்டிகை நாளில் பறை முழங்கப் பாடினால், சபைக்கு வெளியே நிற்பவர்களும் கூடவே பாடுவார்கள்.

அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த மறைந்த தியாபிலஸ் அப்பாவு ஐயா இதற்காகவே வாழ்நாளெல்லாம் வாதாடினார். கர்நாடக மெட்டையும் மேல்நாட்டு மெட்டையும் எல்லோரும் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடியாது. நாட்டுப்புற மெட்டையோ ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் வாய்க்கு ஏற்பத் திருத்திப் புதிதாக்கிக்கொள்ள முடியும் என்பது அவருடைய நிலைப்பாடு. அவருடைய மாணவர்கள் பலர் இன்று ஆயர்களாக இருக்கிறார்கள், ஆயினும் பறையை ஆலயத்துக்குள் கொண்டுவர இன்றும் சில சபைகளில் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்துக்கு இசை காரணமா, சாதி காரணமா என்று குழுக் கூட்டங்களில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பார்த்த சபைகளில் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். பாட்டைத் தெரிந்தெடுப்பவரும் கீபோர்டைத் தொடுபவரும் மிக்சரில் கை வைப்பவரும் பையன்கள். யாரை வளர்க்கப் போகிறோம் என்று பட்டியல் எழுதும்போதே இதைக் கவனியுங்கள். பயிற்சி இரவு எட்டு மணிக்கு என்று வைத்தாலே பாதிப் பெண் பிள்ளைகள் வரமுடியாமல் போய்விடும்.


கேள்வி கேட்டவரின் பதில்
பதிவிட்டவர்: திருமங்கலத்துச் சகோதரி

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. மாலை ஆராதனைத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யும்படி அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். செவ்வாய்க்கிழமை மேசையையும் கடைசி வரிசைக் குறிப்பையும் எங்கள் ஆயரிடம் சொன்னேன், அவருக்குச் சம்மதம். பயிற்சியைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாற்றிவிடலாம்.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. எங்கள் பாடகர் குழுத் தலைவர் ஐயா, கீபோர்டு வைத்த பயிற்சிக்கு வரமாட்டேன் என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, 'எனக்கு அங்கே என்னம்மா வேலை' என்கிறார். அவரிடம் இருக்கும் மெட்டுகள் அவரோடு போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது. அவரை எப்படி அழைப்பது?


மறுமொழி
பதிவிட்டவர்: பசுமலை ஆர்மோனியம்

அவரை நீங்கள் அழைக்க வேண்டாம், சகோதரி. பிள்ளைகளை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். மேற்பார்வை பார்க்க வாருங்கள் என்றால் எந்த மூத்தவரும் வரமாட்டார், ஏனென்றால் அதில் அவர் செய்யும் வேலை ஒன்றும் இல்லை. 'பெரிய வெள்ளிக்கு இந்த ஒரு கீர்த்தனையை எங்களுக்குப் பாடம் சொல்லித் தாருங்கள், ஐயா' என்று இரண்டு பிள்ளைகள் போய்த் திண்ணையில் உட்கார்ந்தால் மறுக்கமாட்டார். கீபோர்டு போகக் கூடாது. அவர் வீட்டு ஆர்மோனியமே போதும். அச்சிட்ட புத்தகத்தில் ராகமும் தாளமும் போட்டிருந்தாலும், சபைக்குச் சபை மெட்டில் சிறு சிறு வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் பாடும் விதம் அவர் தொண்டையில் மட்டும் இருக்கிறது. அதனால் அவர் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள், பாட்டு எண்ணையும் அவர் பாடும் கட்டையையும் பதிவின் தொடக்கத்திலேயே பிள்ளைகள் சொல்லிவிட வேண்டும்.

இதைக் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள். மார்ச் வந்தால் பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை எந்தத் தாயும் பாட்டுக்கு அனுப்பமாட்டாள்.